குரல் எங்கே நின்று பாடியது? பிடித்த பாடகர்களைத் தேடிப் பிடிக்க ஒரு வழி

அக்கா மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். போன ஓணத்துக்கு ஊருக்கு வந்தவன், திண்ணையில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டே, "மாமா, நீங்க எல்லா மாதிரிப் பாட்டும் கேப்பீங்கல்லா, ஒவ்வொரு ஸ்டைலுக்கும் நல்ல பாடகர் யாருன்னு ஒரு அம்பது பேரு எழுதித் தாருங்க, நான் பிளேலிஸ்ட் போட்டுக்கிடுதேன்" என்றான். முடியாது மக்கா என்று சொல்லிவிட்டேன். கஞ்சத்தனம் இல்லை. அடுத்தவன் எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்து யாருக்கும் ஒரு பாடகர் பிடித்துப்போய் நான் பார்த்ததில்லை. முதல் நாலு பேரை ஆளுக்கு அரை நிமிஷம் கேட்டுவிட்டு, பழைய பாட்டுக்கே திரும்பிப் போய்விடுவார்கள். நம்ம குமரி மாவட்டத்தில் யாரை நிறுத்திக் கேட்டாலும் ஜேசுதாஸ், எஸ்பிபி, சித்ரா என்று மூன்று பெயர் உடனே வரும், நாலாவது பெயர் வருவதற்குள் பஸ் வந்துவிடும். அந்த நாலாவது பெயரை, ஐந்தாவதை, அதுவும் சினிமாவுக்கு வெளியே இருக்கிற பெயர்களை, நாமே எப்படித் தேடிப் பிடிப்பது என்பதைத்தான் அன்றைக்கு அவனுக்குச் சொன்னேன். அதையே கொஞ்சம் ஒழுங்காக்கி இங்கே எழுதுகிறேன். ஒழுங்கு என்றால் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் ஒரு தாள்

தாள்தான், போன் வேண்டாம், போனைக் கையில் எடுத்தால் நோட்டிஃபிகேஷனோடு போய்விடுவீர்கள். அதில் உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த மூன்று குரல்களை எழுதுங்கள். பாட்டை இல்லை, குரலை. முக்கால்வாசிப் பேர் இங்கேதான் வழுக்குவார்கள், ஏனென்றால் நமக்குப் பிடித்தது பாட்டா, படமா, அந்தப் படம் பார்த்த வயதா, பக்கத்து சீட்டில் இருந்த ஆளா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. பிரிப்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. அந்தப் பாடகர் பாடியதில் நீங்கள் கேட்டே இராத, படமும் தெரியாத ஒரு பாட்டைத் தேடிப் போடுங்கள். இரண்டு வரி முடிவதற்குள் அந்தக் குரல் உங்களைப் பிடித்து உட்கார வைத்தால் தாளில் எழுதலாம். உட்கார வைக்கவில்லை என்றால் உங்களுக்குப் பிடித்தது இசையமைப்பாளர், இல்லையென்றால் உங்கள் கல்லூரிக் காலம். அதிலும் தப்பில்லை, ஆனால் அது வேறு கட்டுரை.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்தக் குரலில் எது உங்களைப் பிடிக்கிறது என்று எழுதுங்கள். "இனிமை", "தேன்", "காந்தம்" எல்லாம் தடை. அதை வைத்து அடுத்த குரலைத் தேட முடியாது. உடம்போடு ஒட்டிய வார்த்தைகளாக எழுதுங்கள்: வரி முடியும் இடத்தில் குரலைக் கொஞ்சம் தளர விடுகிறார், மூக்கில் லேசாக உரசுகிறது, மேலே போகும்போது குரல் மெலியாமல் அதே கனத்தில் போகிறது, ழகரம் சுத்தமாக விழுகிறது, இப்படி. ழகரம் என்று சொன்னதும் ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. தமிழ் உச்சரிப்புக்கு எல்லோரும் கைகாட்டுகிற டி.எம். சௌந்தரராஜன் மதுரையில் சௌராஷ்டிரம் பேசுகிற வீட்டுப் பிள்ளை. பி. சுசீலா ஆந்திரக்காரர், பி.பி. ஸ்ரீனிவாஸும் அப்படியே, ஜெயச்சந்திரன் மலையாளி. விளவங்கோடு பக்கத்துக்காரர்களைத் தமிழ்நாட்டில் போய் "நீங்க மலையாளமா" என்றும் திருவனந்தபுரத்தில் போய் "பாண்டியா" (தமிழனா) என்றும் கேட்கிறார்களே, அப்படிப்பட்ட நமக்கு இந்தப் பாடகர்கள் ஒரு சொல்லை எங்கே கவனமாக வைக்கிறார்கள் என்பது மற்றவர்களைவிட முன்னாலேயே காதில் படும். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். டிஎம்எஸ் சிவாஜிக்குப் பாடியது ஒன்றையும் எம்ஜிஆருக்குப் பாடியது ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டு, நடிகர் முகத்தை மறந்துவிட்டு, சொல்லின் முதல் எழுத்தை எவ்வளவு அழுத்துகிறார் என்று மட்டும் கவனித்துப் பாருங்கள். ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். காது திறக்க இதைவிட மலிவான பயிற்சி கிடையாது.

எங்கே நின்று பாடியது?

நான் சொல்ல வந்ததே இதுதான். புதிதாக ஒரு இசை வகைக்குள் போகும்போது ராகம் என்ன, தாளம் என்ன, பாஷை என்ன என்று தொடங்கினால் இரண்டாம் நாளே அலுத்துப்போகும். அதெல்லாம் பிறகு வரட்டும். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் குரல் எங்கே நின்று பாடிப் பழகியது, எதிரே யார் இருந்தார்கள், எவ்வளவு தூரத்தில் இருந்தார்கள்? குளச்சலில் வள்ளத்துக்கு வள்ளம் கூப்பிட்டுப் பேசுகிறவரும் பேங்கில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பேசுகிறவரும் ஒரே மாதிரியா பேசுகிறார்கள்? அவ்வளவுதான் சங்கதி. இடம் தெரிந்துவிட்டால், அந்தக் குரல் ஏன் அப்படி இருக்கிறது என்பதும், அதை நாம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

மைக் இல்லாத நாடக மேடையை எடுத்துக்கொள்வோம். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. (செங்கோட்டையும் அன்றைக்கு நம்மைப் போலத் திருவிதாங்கூர்தான், 1956 நவம்பர் 1ஆம் தேதி நம்மோடு சேர்ந்தே இந்தப் பக்கம் வந்த ஊர்.) அவர் 1933இல் 27 வயதிலேயே போய்விட்டார், நமக்கு மிச்சம் இருப்பது இசைத்தட்டுகள். அதை இயர்போனில் போட்டால் காதுக்குள் வந்து கத்துவது போலத்தான் இருக்கும், அரை நிமிஷத்தில் கழற்றிவிடுவீர்கள். அந்தக் குரல் காதுக்குள் பாடியதே இல்லை. மணலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குக் கேட்க வேண்டும் என்று எறிந்த குரல் அது. போனை அடுக்களை ஜன்னலில் வைத்துவிட்டு நீங்கள் முற்றத்துக்கு வந்துவிடுங்கள். நடுவில் ஒரு பத்தடி காற்று இருந்தால் அந்தக் கூர்மை எப்படி உருகி வருகிறது என்று பாருங்கள். கே.பி. சுந்தராம்பாளையும் எம்.கே. தியாகராஜ பாகவதரையும் இப்படியே கேட்கலாம். என் வீட்டில் இதற்காக என்னைக் கிறுக்கன் என்கிறார்கள், பரவாயில்லை.

இதற்கு நேர் எதிர், மைக் வந்த பிறகு வந்த மென்குரல்கள். ஏ.எம். ராஜா, பி.பி. ஸ்ரீனிவாஸ், ஜெயச்சந்திரன். இவர்கள் யாரையும் தாண்டிப் பாட வேண்டியதில்லை, மைக் வாயருகே இருக்கிறது, அதனால் ரகசியம் சொல்வது போலப் பாடலாம். இந்தக் குரல்களை ஹாலில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் மிக்ஸி ஓடினால் ஒன்றுமே கிடைக்காது. ராத்திரி, இயர்போன், சத்தம் குறைத்து. ஏ.எம். ராஜாவுக்கும் நம் ஊருக்கும் ஒரு துக்கமான தொடர்பு உண்டு. 1989 ஏப்ரலில் குமரி மாவட்டத்துக் கோயில் ஒன்றில் கச்சேரிக்காகக் குழுவோடு ரயிலில் வந்துகொண்டிருந்தபோதுதான் வள்ளியூர் ஸ்டேஷனில் தவறி விழுந்து இறந்தார். கன்னியாகுமரி வண்டி வள்ளியூரில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

இந்த மென்குரல் பிடித்தவர்கள் பாஷை தாண்டிப் போவது மிகவும் சுலபம். நம்ம பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வயதானவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், கிறிஸ்துமஸ் சமயத்தில் போடுகிற ஜிம் ரீவ்ஸ் கேசட் ஒன்று அலமாரியில் கிடந்திருக்கும். அமெரிக்காவில் கன்ட்ரி இசை பாடியவர், 1964இல் விமான விபத்தில் போனார். 1950களின் கடைசியில், உதடு மைக்கில் முட்டுகிற அளவுக்குக் கிட்டத்தில் வந்து, குரலைத் தாழ்த்திப் பாட ஆரம்பித்த பிறகுதான் அவருடைய குரல் அந்தக் குரலாயிற்று. ஏ.எம். ராஜாவுக்கு அடுத்து அவரைப் போட்டுக் கேளுங்கள். இரண்டு பேரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் போல இருப்பார்கள். கன்ட்ரி என்றால் என்ன என்று ஒரு வரி கூடப் படிக்காமல் அதற்குள் நுழைந்துவிட்டீர்கள், பார்த்தீர்களா?

அப்புறம் கூம்பு ஸ்பீக்கர். நம்ம ஊர்க் காதை வளர்த்ததே அதுதான் என்பேன். விடியற்காலையில் ஒரு பக்கம் சுப்ரபாதம், இன்னொரு பக்கம் பாங்கு, சர்ச் மணி, ஏழு மணிக்குள் எல்லாம் கேட்டு முடித்துவிடுவோம். இதில் ஒரு நஷ்டமும் உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலை நம்மில் நிறையப் பேர் தென்னை மரத்தில் கட்டின கூம்பு வழியாக மட்டுமே கேட்டிருக்கிறோம், அதுவும் அரைத்தூக்கத்தில். அது அந்தக் குரலின் எலும்பு மட்டும்தான். ஒரு நாள் நல்ல ஹெட்போனில் எம்.எஸ். கச்சேரிப் பதிவு ஒன்றைச் சத்தம் குறைத்து வைத்துக் கேளுங்கள், சுருதியோடு குரல் சேருகிற இடத்தில் தம்புராவையும் குரலையும் பிரிக்க முடியாமல் போகும். இத்தனை வருஷம் கேட்டதாக நினைத்தது வேறு, இது வேறு.

கூம்புக்கென்றே பிறந்த குரலும் உண்டு, நாகூர் ஹனிபா. மீலாது மேடை, கட்சி மேடை, திறந்த வெளி, ஆயிரக்கணக்கான ஆட்கள், அதில் பழகின குரல். வல்லின எழுத்தெல்லாம் கல் எறிவது போல வந்து விழும். அவரைத் தூரத்தில் இருந்து, திறந்த வெளியில் கேட்பதுதான் முறை. நான் அவரை விரும்பிக் கேட்க ஆரம்பித்தது தக்கலையில் ஒரு கல்யாண வீட்டில், இரண்டு தெரு தள்ளி நின்றுகொண்டிருந்தபோது. அதே தக்கலையில், சூஃபி ஞானி பீர்முகமது அப்பாவின் தர்கா ஆண்டு விழாவில் அந்த ஞானி பாடிய ஞானப்புகழ்ச்சியைக் கூட்டமாக உட்கார்ந்து விடிய விடியப் பாடுவார்கள், அதையும் ஒரு தடவை போய்க் கேளுங்கள். தனிப் பாடகர் என்று யாரும் கிடையாது. பாடகரைத் தேடி வந்த ஆளுக்கு, பாடகர் இல்லாத பாட்டு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் தனிக்குரல் என்ன செய்கிறது என்பது விளங்கும்.

வில்லுப்பாட்டு கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், மன்னிக்கவும், இது நம்ம சரக்கு. யூடியூபில் வில்லுப்பாட்டு கேட்டுவிட்டு "ஒரே மாதிரி இருக்கே மாமா" என்று மருமகன் சொன்னான். ஒரே மாதிரிதான் இருக்கும், ஏனென்றால் பாட்டு அங்கே பாதிதான் இருக்கிறது. கோயில் கொடை விழாவுக்குப் போ, ராத்திரி பதினோரு மணிக்கு மேலே போ, பந்தலில் முன்னால் உட்காரு என்றேன். முன்னால் வில், அதில் மணிகள், வீசுகோல் விழும் சத்தம், உடுக்கை, ஜால்ரா, கட்டை, குடத்தின் வாயில் விழும் அந்த 'தொம்' என்ற அடி; அது ஸ்பீக்கரில் வராது, நெஞ்சில்தான் வரும். நடுவில் இருக்கிறவர் கதையைச் சொல்லிக்கொண்டே போவார், பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார், சந்தேகம் கேட்பார், வரியைத் திருப்பிப் பாடுவார். பாடுகிறவர் நமக்காகப் பாடுகிறார் என்றுதான் முதலில் தோன்றும். கொஞ்ச நேரம் கவனித்தால் தெரியும், அவர் கண் நம்மேல் இல்லை, அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற சாமியாடி மேல் இருக்கிறது. சாமியாடியின் தோள் லேசாக நடுங்க ஆரம்பித்ததும் குடத்தின் அடி இறுகும், பாட்டு வேகம் பிடிக்கும், சொல் நெருங்கும், கடைசியில் வார்த்தையே இல்லாமல் தாளம் மட்டும் ஆகும். சாமி வந்துவிட்டால் பாடுகிறவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு மடக்கு கட்டன் சாயா குடிப்பார். அதற்காகப் பாடிய குரல் அது. அதைப் போய் அறையில் தனியாக மொபைலில் போட்டு "ஒரே மாதிரி" என்றால் எப்படி?

அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பூங்கனி அம்மாவின் பதிவுகள் கிடைத்தால் விடாதீர்கள். 2018இல் காலமானார். ஆண்கள் நடுவில் உட்கார்ந்திருந்த கலையில் சின்ன வயதிலேயே வில்லின் முன்னால் உட்கார்ந்த பெண். கதையை நடத்துகிற அதிகாரம் குரலில் எப்படி ஏறும் என்பதற்கு அவரைக் கேட்க வேண்டும். ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணனையும் நான் பாடகர் பட்டியலில்தான் வைப்பேன், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். வில்லுப்பாட்டு தெரிந்த ஆள் சினிமாவில் சொந்தக் குரலில் பாடும்போது, சிரிப்பு எந்த இடத்தில் வர வேண்டுமோ அதற்குச் சரியாக அரை மூச்சு முன்னால் நிறுத்துவார்.

சர்ச் கொயர் பக்கம் போனால் வேறு கணக்கு. கல் சுவர், உயர்ந்த கூரை, பாடின சத்தம் ஒரு நொடி அங்கேயே நிற்கும். சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரல். இங்கே ஒரு வேலை செய்யுங்கள். டிசம்பரில் ஏதாவது கேரல் ஆராதனைக்குப் போய் ஒரு பாட்டு முழுக்க ஆல்டோவை மட்டும் பின்தொடருங்கள். மெட்டு அவர்களிடம் இருக்காது, கொஞ்சம் திணறும், காது அடிக்கடி சொப்ரானோ பக்கம் ஓடும், இழுத்து வாருங்கள். இது பழகிவிட்டால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சர்ச்சில் பிறந்த காஸ்பெல் இசை உங்களுக்கு அந்நியமாகவே இருக்காது. மஹாலியா ஜாக்சனில் தொடங்குங்கள், 1972இல் காலமானவர், காஸ்பெல் பாடகி என்றால் முதலில் அவர்தான். அங்கிருந்து அரீத்தா ஃப்ராங்க்ளின். அவர் டெட்ராய்டில் தன் அப்பா போதகராக இருந்த சர்ச்சில் பாடி வளர்ந்து, சோல் இசையில் உலகப் புகழ் பெற்ற பிறகு, 1972இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சர்ச்சுக்குள்ளேயே வைத்து ஒரு காஸ்பெல் ஆல்பம் பதிவு செய்தார். சபையார் நடுநடுவே குரல் கொடுப்பது அதில் நன்றாகவே கேட்கும். அந்தக் குரல்களைக் கேட்கும்போது எனக்கு வில்லுப்பாட்டு "ஆமா"தான் ஞாபகம் வந்தது. இதை எங்கள் சபையில் ஒரு பெரியவரிடம் சொல்லப் போய் முறைப்பு வாங்கினேன்.

நூலைப் பிடித்துப் போவது

இடம் பழகிவிட்டதா, இனி ஒரு பாடகரிலிருந்து இன்னொருவருக்குப் போகும் வழி. ஆப் காட்டுகிற "இதைப் போன்றவை" பக்கம் போகாதீர்கள், அது உங்களைச் சுற்றிச் சுற்றி அதே தெருவில் நடத்தும். ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் நிஜமாக இருந்த உறவைப் பிடியுங்கள்: குரு யார், யாரைக் கேட்டு வளர்ந்தார், யாரோடு சேர்ந்து பாடினார்.

ஜேசுதாஸ் எல்லோர் தாளிலும் இருப்பார், அவரையே எடுப்போம். அவர் செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். செம்பையின் பதிவைப் போடுங்கள், வெண்கலத்தைத் தட்டின மாதிரி திறந்த குரல், மழுப்பலே கிடையாது. ஜேசுதாஸிடம் உங்களுக்குப் பிடித்த அந்தக் கனம் எங்கிருந்து கிளம்பியது என்று தெரியும். இப்போது நீங்கள் கர்நாடக இசைக்குள் நிற்கிறீர்கள். அங்கே இரண்டு பேரை அடுத்தடுத்துக் கேளுங்கள், ஜி.என். பாலசுப்பிரமணியம், எம்.டி. ராமநாதன். ஒருவர் பிருகாக்களாக, வேகமாக உருளும் ஸ்வரங்களாகப் பறப்பார், இன்னொருவர் கீழ்க்குரலில் ஒரு சொல்லை வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்கு அவசரமே இல்லாமல் நடப்பார், பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் மாதிரி. இருவரில் யார் பக்கம் உங்கள் காது சாய்கிறது என்று பார்த்தால் போதும், ராகத்தின் பெயர் தெரியாவிட்டால் யாரும் அபராதம் போடப் போவதில்லை. குரல் நன்றாக இருந்தால்தான் கேட்பேன் என்கிற ஆள் என்றால் செம்மங்குடி சீனிவாச ஐயரைக் கடைசிக்கு வையுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். கரகரத்த, ஒத்துழைக்காத குரலைச் சாதகம் செய்தே வழிக்குக் கொண்டுவந்தவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் கிருதிகள் இன்றைக்கு மேடையில் இவ்வளவு கேட்கின்றன என்றால் அதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

சுவாதித் திருநாள் என்றதும் நவராத்திரி. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, வேளிமலையிலிருந்து குமாரசுவாமி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை, மூன்று சாமி சிலைகளும் ஊர்வலமாகக் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போவதை நாம் ரோட்டோரம் நின்று பார்த்திருக்கிறோம், கும்பிட்டிருக்கிறோம், டிராஃபிக்கைத் திட்டியிருக்கிறோம். அங்கே போன பிறகு ஒன்பது நாளும் நவராத்திரி மண்டபத்தில் கச்சேரி நடக்கும். அந்த மண்டபத்தில் பெண்கள் பாட 2006 வரை இடம் இல்லை. அந்த வருஷம் முதல் பெண்ணாகப் பாடியவர் பாறசாலை பி. பொன்னம்மாள், அப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. 2021இல் காலமானார். பாறசாலை எங்கே இருக்கிறது, களியக்காவிளை தாண்டினால் அடுத்த ஊர். நம் வீட்டு வாசலில் இருந்த குரலை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அவருடைய வயதான காலத்துப் பதிவுகளைக் கேளுங்கள், குரலில் வயது தெரியும், சுருதியில் தெரியாது.

இன்னொரு நூல், ஒரே பாட்டைப் பல குரலில் கேட்பது. நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் பிறந்த நீலகண்ட சிவனின் 'என்றைக்கு சிவகிருபை வருமோ' முகாரி ராகத்தில் இருக்கிறது, தமிழ், அர்த்தம் புரியும். அதை மூன்று பாடகர்களிடம் கேட்டு, 'என்றைக்கு' என்ற ஒரு சொல்லை ஒவ்வொருவரும் எப்படிக் கேட்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். ஒருவர் கெஞ்சுவார், ஒருவர் அலுத்துக்கொள்வார், ஒருவர் கணக்கே கேட்பார். யாருடைய 'என்றைக்கு' உங்களுடையதோ அவரைத் தாளில் சேர்த்துவிடுங்கள்.

ஹரிஹரனைப் பிடித்திருக்கிறதா? திருவனந்தபுரத்தில் பிறந்து மும்பையில் வளர்ந்தவர், உஸ்தாத் குலாம் முஸ்தபா கானிடம் இந்துஸ்தானி கற்றவர், கஜல் என்கிற உருதுக் கவிதைப் பாட்டு பாடுகிறவர். அங்கிருந்து பாகிஸ்தான் கஜல் பாடகர் மெஹ்தி ஹசனுக்குப் போகலாம். ஏ.ஆர். ரஹ்மான் வழியாகப் போனால் 1997இல் அவரோடு சேர்ந்து பாடின நுஸ்ரத் ஃபதே அலி கான், அங்கிருந்து கவ்வாலி என்கிற சூஃபி பக்திப் பாட்டு. அந்த வருஷமே நுஸ்ரத் போய்விட்டார். வீட்டில் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பின ஆள் யாராவது இருந்தால் உம் குல்தூம் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். எகிப்துப் பாடகி. மாதத்தின் முதல் வியாழன் ராத்திரி அவர் கச்சேரி ரேடியோவில் வரும், அரபு நாடுகள் முழுக்க உட்கார்ந்து கேட்கும். ஒரே பாட்டு ஒரு மணி நேரம் போகும், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் வேறு விதமாக. நம்ம கச்சேரியில் ஒரு வரியை விதவிதமாக விரிக்கிற நிரவலைக் கேட்டுப் பழகின காதுக்கு அது புதிதே இல்லை.

பாஷை தெரியாத பாட்டுக்கு ஒரு குறிப்பு: முதல் இரண்டு தடவை அர்த்தம் பார்க்காதீர்கள். மூன்றாவது தடவைக்கு முன்னால் ஒரே ஒரு தடவை வாசித்துவிட்டு மூடிவிடுங்கள்.

ஒரு பாட்டு, பத்து தடவை

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் வெட்டுகிற ஒரு அண்ணன் இருக்கிறார். காலையில் நாலு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, சட்டைப் பையில் போனைப் போட்டு, எஸ். ஜானகி பாடின ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டு வெட்டுவார். ஒரு மரத்துக்கு ஒரு வரி என்று கணக்காம். ஒரு நாள் கூட நடந்தேன். "இந்தா, இப்பம் மூச்சு எடுக்கும் பாருங்க" என்றார், ஜானகி எடுத்தார், சருகு மிதிபடுகிற சத்தத்தில் எனக்கு அது கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேட்டேன், அவர் சொன்ன இடம்தான். சங்கீதம் படித்தவர் இல்லை. நூறு பாடகரை மேலோட்டமாகத் தெரிந்த எனக்கு, ஒருவரை முழுசாகத் தெரிந்த அவர்மேல் அன்றைக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அதனால் வாரத்துக்கு ஒரு புதுப் பாடகர், அவருடைய ஒரே பாட்டு, பத்து தடவை. ஏழாவது தடவை அலுப்பு வரும், வர வேண்டும். அதைத் தாண்டின பிறகு பாடகர் நமக்கென்று ஒன்றைக் காட்டுவார், அல்லது ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிடும். ஒன்றும் இல்லை என்றால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் அடித்துவிடுங்கள். உலகமே கொண்டாடுகிற ஒரு குரல் எனக்கு இன்று வரை பிடிக்கவில்லை, பெயரைச் சொன்னால் அடிக்க வருவார்கள், விடுங்கள். மூன்று வருஷம் கழித்து ஒரு தடவை போட்டுப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

போனே அலுத்துப்போன நாட்களில் நாகர்கோவில் பண்பலை 101ஐப் போட்டுவிடுவதும் நல்லது. அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் கேட்பதற்கு ஒரு தனிக் காது உண்டு, அது துருப்பிடிக்கக் கூடாது.

நம்புவதற்கு முன்னால்

சின்ன எச்சரிக்கை. இப்போது இறந்துபோன பாடகர்களின் குரலில், அவர்கள் பாடவே பாடாத பாட்டுகள் கம்ப்யூட்டரில் செய்து உலவுகின்றன. 2024இல் ஒரு படத்துக்கு ரஹ்மான், பம்பா பாக்யாவின் குரலையும் சாகுல் ஹமீதின் குரலையும் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி அப்படிப் பயன்படுத்தினார். அது சொல்லிச் செய்தது. சொல்லாமல் செய்வது நிறைய இருக்கிறது. படத்தின் பெயரோ ஆல்பத்தின் பெயரோ வருஷமோ இல்லாமல் வெறும் குரல் பெயர் மட்டும் போட்டு வருகிற எதையும் தாளில் ஏற்றாதீர்கள். எதிரொலி சேர்த்தது, வேகம் குறைத்தது, தலையைச் சுற்றி ஓடவிட்டது எல்லாமும் அப்படியே. பாடகர் எங்கே நின்றார் என்பதையே அழித்துவிடுகிற வேலை அது. தேடும்போது பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாக அடித்துத் தேடுங்கள், மூன்றுக்கும் மூன்று விதமான பதிவுகள் வரும், பழைய கச்சேரிப் பதிவுகள் பல மலையாளத்தில் அடித்தால்தான் எனக்குச் சிக்கியிருக்கின்றன.

மருமகன் கிளம்பும்போது, "அது சரி, உங்களுக்கு முதல்ல சினிமாவுக்கு வெளியே பிடிச்ச பாடகர் யாரு மாமா" என்று கேட்டான். இந்த முறையெல்லாம் எனக்கே தெரியாத காலம் அது. 1990களின் தொடக்கம், மார்த்தாண்டத்தில் ஒரு ரெக்கார்டிங் கடையில் பதினாலு பாட்டு எழுதின சீட்டும் அறுபது நிமிஷக் காலி கேசட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் இழுத்தடித்து, பன்னிரண்டு பாட்டுதான் போட்டுத் தந்தார்கள். பி சைடு கடைசியில் நான் கேட்காத ஏதோ ஒரு ஹிந்திப் பாட்டு. சண்டைக்குப் போனேன். கடைக்காரர் அசரவே இல்லை, "ரெண்டு பாட்டு கிடைக்கேல, டேப்பு மிச்சம் கிடந்துது, சும்மா விடவா? எங்க அளியன் சவுதியிலேருந்து கொண்டு வந்தது, கேட்டுப் பாரும்" என்றார். ஹிந்தி இல்லை, உருது. மெஹ்தி ஹசன். ஆர்மோனியம் மெதுவாகத் தொடங்கி, முதல் வரியைப் பாடி, அதையே இன்னொரு தடவை வேறு மாதிரிப் பாடி, இரண்டாவது வரிக்கு வருவார் வருவார் என்று நாம் காத்திருக்க, மறுபடியும் முதல் வரிக்கே போய், அப்புறம் ஒரு வழியாக இரண்டாவது வரியில் கால் வைக்கும்போது டேப் முடிந்து 'டக்' என்று பட்டன் எழும்பும்.

பதினைந்து வருஷம் கழித்து அந்தப் பாட்டின் முழுப் பதிவும் கிடைத்தது. இப்போது போனில் இருக்கிறது, நினைத்த நேரத்தில் கேட்கலாம். இன்னமும் அந்த இரண்டாவது வரி தொடங்குகிற இடத்தில் என் காது அந்த 'டக்'குக்காக ஒரு நொடி காத்திருக்கிறது.